அமைப்புக் கோப்புறை காணாமல் போனால்?

குறுவைப் பருவம். தஞ்சை உழவர் ஒருவர் விதைநெல்லுக்காகத் தம் வீட்டுப் பத்தாயத்தைப் பார்க்கிறார். பத்தாயம் காலி! சாகுபடி நின்றுவிடுமா? இல்லை. ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட ஆடுதுறை 43 போன்ற ரகத்தின் விதையை வாங்கி விதைத்துவிடுவார். கணிப்பொறியின் மென்பொருளும் ஏறக்குறைய இப்படித்தான் நடந்துகொள்கிறது.

எழுத்தின் அளவு, திரையின் நிறம் போன்ற நமது விருப்பங்களை மென்பொருள் ஒரு கோப்புறையில் குறித்து வைக்கிறது. இதுவே அதன் பத்தாயம். சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் போன்ற லினக்ஸ் இயங்குதளங்களில் இது பெரும்பாலும் ‘.கான்ஃபிக்’ என்னும் மறைவான கோப்புறைக்குள் இருக்கும்.

அக்கோப்புறையைத் திறக்க முடியாதபோது இயங்குதளம் ஓர் எண்ணைத் திருப்பி அனுப்புகிறது. எண் 2 என்றால் ‘அப்படி ஒன்று இல்லை’ என்று பொருள். எண் 13 என்றால் ‘உனக்கு அனுமதி இல்லை’ என்று பொருள்.

எண் 2 வந்தால் கவலையில்லை. மென்பொருள் புதிய கோப்புறையை உண்டாக்கி, தன்னுள் உள்ள பொது அமைப்புகளுடன் வேலையைத் தொடங்கும். அக்கோப்புறையை உரியவர் மட்டுமே திறக்கும்படி அமைக்க வேண்டும் என்பது லினக்ஸ் உலகில் வழங்கும் விதி.

எண் 13 வந்தால் கதை வேறு. பத்தாயம் காலியாக இல்லை, பூட்டியிருக்கிறது. இதைக் ‘காலி’ என்று எண்ணிவிட்டால் ஆபத்து! ஒரு கோப்பைப் படிக்க அனுமதி இல்லாவிட்டாலும், அதே இடத்தில் புதுக் கோப்பை எழுத அனுமதி இருக்கக்கூடும். அப்போது பொது அமைப்புகள் நம் பழைய குறிப்புகளை அழித்துவிடும். ஆகவே நல்ல மென்பொருள் அப்போதைக்குப் பொது அமைப்புகளுடன் இயங்கும். எதையும் சேமிக்காமல், நமக்கு எச்சரிக்கை செய்யும்.

ஃபயர்ஃபாக்ஸ் உலாவி இன்னும் கண்டிப்பானது. தன் கோப்புறை கிடைக்காவிட்டால், ‘அது காணாமற் போயிருக்கலாம் அல்லது அணுக முடியாததாக இருக்கலாம்’ என அறிவித்து நின்றுவிடும். சேமித்த கடவுச்சொற்களும் அதில் அல்லவா இருக்கின்றன!

செய்து பாருங்கள்: லினக்ஸ் கணிப்பொறியில் விஎல்சியை மூடுங்கள். உங்கள் முகப்புக் கோப்புறையில் கண்ட்ரோலுடன் எச் விசையை அழுத்தினால் மறைவானவை தெரியும். ‘.கான்ஃபிக்’கினுள் விஎல்சி கோப்புறை இருந்தால், அதன் பெயரை மாற்றுங்கள், அழிக்க வேண்டாம். விஎல்சியைத் திறந்து மூடிவிட்டுப் பாருங்கள். புதிய கோப்புறை ஒன்று முளைத்திருக்கும்! பிறகு புதியதை நீக்கி, பழையதற்கு அதன் பெயரைத் திரும்பச் சூட்டிவிடுங்கள்.