படுக்கைப் புண்: 'யார் பார்த்தது?' என்று கேட்பதற்கு முன்

புற்றுநோயில் படுத்திருப்பவருக்கு முதுகின் அடியில் புண் வந்துவிட்டால், நோய் விசாரிக்க வருபவர்கள் வாசலைத் தாண்டும் முன்பே தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள்: "சரியாகப் பார்க்கவில்லை." அந்தப் பேச்சு போய்ச் சேர்வது பெரும்பாலும் ஒரு மகளிடம், இல்லாவிட்டால் மருமகளிடம். பெரியமடு போன்ற ஊரில் இந்தத் தீர்ப்பு நியாயமானதல்ல.

எலும்புக்கும் படுக்கைக்கும் நடுவே சதை நசுங்கி, இரத்தம் ஓடாமல் அந்த இடம் இறந்துபோவதுதான் படுக்கைப் புண். புற்றுநோயில் உடல் மெலிந்து, மெத்தைபோல் இருந்த சதை கரைந்துவிடும். சுகமாக உள்ளவர்கள் தூக்கத்திலும் புரண்டு படுக்கிறோம். வலிக்கு மோர்பின் எடுப்பவர் மயக்கத்தில் அப்படியே கிடக்கலாம். நோய் முதுகெலும்புக்குப் பரவினால் கால்கள் உணர்விழக்கவும் கூடும். அதனால்தான் 2 மணித்தியாலத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்கச் சொல்கிறார்கள். ஒரு நாளைக்கு 12 தடவை. சமைத்து, பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்பும் ஒரே பெண்ணால் அது முடியுமா?

முன்பு பெரிய குடும்பம் இருந்தது. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து விரட்டப்பட்ட நம் மக்களில் பெரும்பகுதியினர் புத்தளத்தில் தங்கினார்கள். யுத்தம் முடிந்து 2009க்குப் பிறகு மீள்குடியேற வந்தபோது எல்லோரும் வரவில்லை. வாப்பாவும் உம்மாவும் இங்கே, மக்களில் பாதிப்பேர் புத்தளத்தில், இன்னொருவர் வளைகுடாவில் என்று எத்தனை வீடுகள்! மாற்றி மாற்றிப் பார்க்க ஆள் இல்லாதது இந்த நோயாளியின் முதுகில்தான் வந்து தெரிகிறது.

தூரமும் உண்டு. மஹரகம அபேக்ஷா வைத்தியசாலை சுமார் 300 கிலோமீற்றர். தெல்லிப்பழை அதைவிட அருகில்தான் என்றாலும் போய்வர ஒரு நாள் போய்விடும். சிகிச்சை இலவசம், வாகனக் கூலி இலவசமில்லை. அந்தக் காசு முட்டையிலும் மீனிலும்தான் குறைகிறது. புரதம் குறைந்தால் புண் ஆறாது.

வெட்கம் இன்னொன்று. இடுப்பில் எரிகிறது என்று உம்மா மகனிடம் சொல்லமாட்டார். நம் நிறத்தில் ஆரம்பச் சிவப்பு கண்ணுக்குத் தெரியாமலும் போகலாம். அதனால் ஒரு பெண் தினமும் கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். சூடாகவோ, கடினமாகவோ, வலியாகவோ இருந்தால் அதுவே தொடக்கம். அந்த இடத்தைத் தேய்த்துப் பிடிக்கக் கூடாது. நடுவில் ஓட்டையுள்ள வளையம் வைப்பதும் நல்லதல்ல, சுற்றியுள்ள இரத்த ஓட்டத்தை அது தடுக்கும். கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை வைத்தால் குதிகால் தரையில் படாது.

தொழுகைக்காக ஒவ்வொரு தடவையும் இழுத்து உட்கார வைப்பதையும் பார்க்கிறோம். இழுக்கும்போது தோல் உரசிக் கிழியும். நிற்க முடியாவிட்டால் உட்கார்ந்து, அதுவும் முடியாவிட்டால் விலாப்புறமாகப் படுத்துத் தொழலாம் என்பது இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) அவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் சொன்னது, புகாரியில் உள்ளது. உட்கார வைத்தே ஆக வேண்டுமானால், இருவர் துப்பட்டியோடு சேர்த்துத் தூக்குங்கள்.

பகலில் பாங்குச் சத்தம் திருப்புவதற்கு ஒரு நினைவூட்டல். அதன் நடுவிலும் திருப்ப வேண்டியிருக்கும். ஆபத்து இஷாவுக்கும் சுபஹுக்கும் இடையிலுள்ள நீண்ட இரவுதான். அந்த இரவுக்குத்தான் ஊர் தேவை. பள்ளிவாசல் நிர்வாகம் ஒரு காற்று மெத்தையை வாங்கி, தேவைப்படும் வீட்டுக்கு இரவலாகக் கொடுக்கலாம் (மெத்தை இருந்தாலும் திருப்புவதை நிறுத்த முடியாது). இரவில் ஒரு முறை வந்து கைகொடுக்க, பெண் நோயாளிக்குப் பெண்களாக, அயலில் நாலு பேர் முறை வைத்துக்கொண்டால் அந்த மகள் நாலு மணித்தியாலம் சேர்ந்தாற்போல் தூங்குவாள். விசாரிக்கப் போகும்போது பிஸ்கட் பெட்டிக்குப் பதிலாக முட்டை கொண்டுபோகலாம்.

தோல் உரிந்து நீர் வடிந்தால், கறுத்தால், நாற்றம் வந்தால் அடுத்த கிளினிக் திகதிவரை காத்திருக்க வேண்டாம். அன்றைக்கே அருகிலுள்ள வைத்தியசாலையில் காட்டுங்கள்.