முப்பதை நெருங்கும்போது பட்டம்: நிதித்துறையில் எங்கே தொடங்கலாம்?

பிரதிக்ஷா தொண்ட்வல்கர் இருபது வயதில் கணவரை இழந்தார். கைக்குழந்தையுடன் நின்றவர், கணவர் வேலை பார்த்த பாரத ஸ்டேட் வங்கியிலேயே மும்பையில் துப்புரவுப் பணிக்குச் சேர்ந்தார். மாதம் 60, 65 ரூபாய் சம்பளம். அப்போது அவர் பத்தாம் வகுப்பைக்கூட முடித்திருக்கவில்லை. வேலை பார்த்துக்கொண்டே பள்ளித் தேர்வுகளை எழுதினார், இரவுக் கல்லூரியில் சேர்ந்தார், 1995-இல் உளவியலில் பட்டம் பெற்றார். அதற்குள் வயது முப்பதைத் தாண்டியிருந்தது. கிளார்க் ஆகி, 2004-இல் பயிற்சி அதிகாரியாகி, 2022-இல் அதே வங்கியில் உதவிப் பொது மேலாளராக உயர்ந்தார்.

தமிழ்நாட்டிலும் தாமதமாகப் பட்டம் வாங்குபவர்கள் ஏராளம். அரியர் முடிக்கவே சில ஆண்டுகள் போய்விடும். குடும்பத்துக்காக வேலைக்குப் போய்விட்டு, பிறகு தொலைநிலைக் கல்வியில் பி.காம். முடிப்பவர்களும் உண்டு. “இனிமே யாரு வேலை தரப்போறாங்க?” என்பதுதான் இவர்களுடைய கவலை. நிதித்துறையைப் பொறுத்தவரை இதற்குத் தெளிவான பதில் உண்டு. சில வேலைகளுக்கு வயது வரம்பு இருக்கிறது, பலவற்றுக்கு இல்லை. வரம்பு உள்ளவற்றை முதலில் முயல வேண்டும்.

ஐ.பி.பி.எஸ். நடத்தும் பொதுத்துறை வங்கித் தேர்வுகளில் கிளார்க் பணிக்கு 28 வயது வரையும், பி.ஓ. எனப்படும் அதிகாரி பணிக்கு 30 வயது வரையும் விண்ணப்பிக்கலாம். ஓ.பி.சி. பிரிவினருக்கு 3 ஆண்டுகளும், எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கு 5 ஆண்டுகளும், மாற்றுத்திறனாளிகளுக்கு 10 ஆண்டுகளும் தளர்வு உண்டு.

பலர் கோட்டைவிடுவது சான்றிதழில்தான். மாநில அரசு தரும் பி.சி., எம்.பி.சி. சாதிச் சான்றிதழை வைத்து இந்தத் தளர்வைப் பெற முடியாது. மத்திய அரசுப் படிவத்தில், வசதி படைத்தோர் பிரிவான கிரீமி லேயரில் வராதவர் என்று குறிப்பிடும் ஓ.பி.சி. சான்றிதழ் வேண்டும். அறிவிப்பில் சொல்லியிருக்கும் தேதிக்குள் பட்டத் தேர்வு முடிவும் வந்திருக்க வேண்டும். கடைசி அரியரை இப்போதுதான் முடித்தவர்கள் இதைக் கவனமாகப் பார்க்க வேண்டும்.

கிளார்க் தேர்வில் இன்னொரு வசதி, நேர்முகத் தேர்வு கிடையாது. முதல்நிலை, முதன்மை ஆகிய இரண்டு எழுத்துத் தேர்வுகளோடு, மாநில மொழி தெரிந்திருந்தால் போதும். நடுவில் சில ஆண்டுகள் ஏன் வீணாயின என்று யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.

வயது முப்பதைக் கடந்தவர்களுக்கு சி.ஏ. படிப்பு இருக்கிறது. அதற்கு உச்ச வயது வரம்பு இல்லை. வணிகவியல் பட்டதாரிகள் 55 சதவீத மதிப்பெண் எடுத்திருந்தால், அடிப்படைத் தேர்வைத் தாண்டி நேரடியாக இன்டர்மீடியட்டில் சேரலாம். மற்ற பட்டதாரிகளுக்கு இது 60 சதவீதம். மூன்று ஆண்டுகளாக இருந்த ஆர்ட்டிகிள்ஷிப் பயிற்சி, 2023-இல் வந்த புதிய திட்டத்தில் இரண்டாகக் குறைந்துவிட்டது. ஆனால் பயிற்சிக் காலத்தில் கிடைக்கும் உதவித்தொகையை நம்பிக் குடும்பம் நடத்த முடியாது. வீட்டுச் செலவுக்கு வழி செய்துகொண்டுதான் இதில் இறங்க வேண்டும்.

உடனே சம்பாதிக்க வேண்டிய நிலையில் இருப்பவர்களுக்கு ஆடிட்டர் அலுவலகமும் சிறு நிறுவனங்களின் கணக்குப் பிரிவும் நல்ல தொடக்கம். அங்கே மாதம் பிறந்தாலே பரபரப்புதான். 7-ஆம் தேதிக்குள் டி.டி.எஸ். கட்ட வேண்டும். மாதந்தோறும் ஜி.எஸ்.டி. தாக்கல் செய்பவர்களுக்கு 11-ஆம் தேதிக்குள் விற்பனை விவரமும், 20-ஆம் தேதிக்குள் வரிக்கணக்கும் போக வேண்டும். பில்களை டாலியில் ஏற்றி, வங்கிக் கணக்கோடு ஒப்பிட்டு, விட்டுப்போன ஒரு பில்லைக் கண்டுபிடிக்கத் தெரிந்தவரிடம், எந்த ஆண்டு பட்டம் வாங்கினீர்கள் என்று யாரும் கேட்டுக்கொண்டிருக்க மாட்டார்கள்.

மியூச்சுவல் ஃபண்ட் விநியோகஸ்தர் ஆக விரும்புபவர்கள், பங்குச்சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி நிறுவிய என்.ஐ.எஸ்.எம். நடத்தும் தேர்வை எழுதலாம். 50 சதவீதம் எடுத்தால் தேர்ச்சி. சான்றிதழ் மூன்று ஆண்டுகளுக்குச் செல்லும். பிறகு மியூச்சுவல் ஃபண்ட் நிறுவனங்களின் சங்கமான ஆம்ஃபியில் பதிவு செய்துகொண்டு தொழிலைத் தொடங்கலாம். வருமானம் கமிஷன்தான் என்பதால், முதல் ஓரிரு ஆண்டுகள் பொறுமை தேவை.

வங்கி வேலை வாங்கித் தருகிறோம் என்று பணம் கேட்பவர்களை அண்டவிடாதீர்கள். வங்கித் தேர்வு எழுத விரும்பும் ஓ.பி.சி. பிரிவினர் அந்தச் சான்றிதழுக்கு இந்த வாரமே இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து வையுங்கள். அறிவிப்பு வந்த பிறகு அதற்காக அலைய நேரம் இருக்காது.