சுவர் யாருடையது?

ஓவியக் கண்காட்சி என்றவுடன் மாணவர் பலருக்கு நினைவுக்கு வருவது, பள்ளி ஆண்டுவிழாவின்போது வகுப்பறைச் சுவர்களில் மாட்டப்படும் படங்களே. அவற்றுள் எதை மாட்டுவது, எதை மேசை இழுப்பறைக்குள்ளேயே விட்டுவைப்பது என்று முடிவு செய்பவர் ஆசிரியர். முப்பது ஆண்டுகளுக்கு மேல் அம்முடிவைச் செய்தவர்களுள் நானும் ஒருவன். ஆகவே, ஒரு படம் சுவரேறத் தகுந்ததா என்று தீர்ப்புக் கூறும் உரிமை யாருக்கு உண்டு என்ற வினாவை எடுத்துக்கொள்வதில் எனக்குச் சிறிது கூச்சமே. ஆயினும் ஓவியரும் சிற்பியரும் தாமே நடத்தும் கலைக்கூடங்களைப் பற்றிப் பேசப் புகுவோர் இவ்வினாவினின்று தப்ப இயலாது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் பாரிஸ் மாநகரில் அவ்வுரிமை ஒரு நடுவர் குழுவின் கையில் இருந்தது. 'சலோன்' என்னும் அரசுச் சார்பான பெருங்காட்சியில் இடம் பெறாத ஓவியனுக்கு விலை கொடுத்து வாங்குவோர் கிட்டுவது அரிது. அக்குழுவின் தீர்ப்புகளில் மனக்கசப்புற்ற சிலர் 1873 டிசம்பரில் தமக்கென ஒரு சங்கம் அமைத்தனர். உறுப்பினர் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு 60 பிராங்கு செலுத்த வேண்டும் என்பது விதி. 1874 ஏப்ரல் 15ஆம் நாள், ஒரு புகைப்படக் கலைஞர் முன்பு தொழில் நடத்திய மாடிக் கூடத்தில் தம் காட்சியைத் தாமே திறந்தனர். மோனே, ரெனுவார், தெகா, பிசாரோ, செசான், பெர்த் மொரிசோ என்ற பெண்மணி ஆகியோர் படங்கள் அங்கே தொங்கின. மோனேயின் படம் ஒன்றின் தலைப்பைப் பற்றிக்கொண்டு, பத்திரிகையாளர் ஒருவர் இவர்களை 'இம்ப்ரெஷனிஸ்டுகள்' என்று எள்ளி எழுதினார். எள்ளற்பெயரே பின்னர் வரலாற்றுப் பெயராயிற்று.

இக்கதையைப் பாடநூல்களிலும் காணலாம். அச்சங்கத்தின் வரவுசெலவுக் கணக்கைத்தான் பலர் பார்ப்பதில்லை. ஒரு மாதம் நடந்த காட்சிக்கு வந்தவர் சுமார் 3,500 பேர். கட்டணம் தலைக்கு ஒரு பிராங்கு. ஆண்டிறுதியில் கணக்குப் பார்த்தபொழுது, உறுப்பினர் ஒவ்வொருவர் தலையிலும் 184½ பிராங்கு கடன் நின்றது. சங்கத்தைக் கலைத்துவிட்டார்கள். அதன் பின்னும் 1886 வரை மேலும் ஏழு காட்சிகளை அக்குழுவினர் நடத்தினர் என்றாலும், முதல் ஆண்டின் பாடம் கசப்பானது. சுவர் நம்முடையதாக இருக்கவேண்டுமாயின், அச்சுவருக்கு வாடகை கொடுப்பவர் யார்?

இந்த வினாவிற்குத் தொண்ணூறு ஆண்டுகளுக்குப் பின் நம் சென்னையில் கிடைத்த விடை, என் எண்ணத்தில், பாரிஸ்காரர் கண்ட விடையினும் உறுதியானது.

சென்னைக் கலைக்கல்லூரி 1850இல் தொடங்கிய பழமையான நிலையம். 1957இல் அதன் தலைமைப் பொறுப்பை ஏற்றவர் கே. சி. எஸ். பணிக்கர், 1911இல் கோயம்புத்தூரில் பிறந்தவர், 1944இலேயே முற்போக்கு ஓவியர் சங்கத்தை நிறுவியவர். தம்மிடம் பயின்று வெளியேறும் இளைஞர்களின் கதி அவரை வருத்திற்று. அக்காலத்தில் சென்னையில் புதுமை ஓவியத்தை வாங்குவோர் மிகச் சிலரே. திறமைமிக்க மாணவன் ஒருவன் விளம்பரப் படம் வரையவோ, நெசவுத் துணிக்குக் கோலம் வகுக்கவோ, பள்ளியில் சித்திர ஆசிரியனாகவோ போவான். இத்தொழில்களில் இழிவு ஏதும் இல்லை. என்னுடன் பணியாற்றிய சித்திர ஆசிரியர்களை நான் மறவேன். ஆனால் மாலையில் களைத்து வீடு திரும்புபவனுக்குத் தன் ஓவியத்தைத் தொட நேரமும் இராது, நெஞ்சும் இராது.

1960களின் தொடக்கத்தில் பணிக்கரும் அவரைச் சூழ்ந்த இளைஞரும் ஒரு வழி கண்டனர். கைவினைப் பொருள் செய்து விற்று வயிற்றைக் கழுவுவது. எஞ்சிய நேரத்தில் எவர் விருப்பத்திற்கும் பணியாது ஓவியம் தீட்டுவது. இதற்கெனக் கலைஞர் கைவினைச் சங்கம் ஒன்று தோன்றியது. அவர்கள் கைக்கொண்ட தொழில்களுள் முதன்மையானது, ஜாவாத் தீவில் சிறந்து விளங்கிய 'பாத்திக்'. உருக்கிய மெழுகால் துணிமேல் வரைந்து, அதனை ஆறிய சாயநீரில் தோய்ப்பர். மெழுகு படிந்த இடத்தில் சாயம் ஏறாது. அடுத்த நிறத்திற்கு மீண்டும் மெழுகு, மீண்டும் சாயம். முடிவில் கொதிநீரில் இட்டு மெழுகை நீக்குவர். தேன்மெழுகு வளைந்து கொடுக்கும். பாரபின் மெழுகு நொறுங்கும். இரண்டையும் கலக்கும் அளவிற்கேற்ப, மெழுகில் விழும் வெடிப்புகளின் வழியே சாயம் கசிந்து, துணியில் நூலிழை போன்ற கோடுகள் ஓடும். ஓவியக் கை உள்ளவனுக்கு இது நன்கு வரும். துணிகள் விற்றன, பணம் சேர்ந்தது. அப்பணத்தைக் கொண்டே சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கம் கடற்கரையில் நிலம் வாங்கினர். 1966இல் சோழமண்டலம் ஓவியர் கிராமம் பிறந்தது.

அன்று அங்கே மணலைத் தவிர வேறொன்றும் இருந்ததாகச் சொல்ல முடியாது. சிறுகச் சிறுக வீடுகள் எழுந்தன. தாம் வாழும் இடத்திலேயே தம் படைப்புகளை எந்நாளும் காட்சிக்கு வைக்கக் கலைக்கூடமும் அமைத்துக்கொண்டனர். கவிதை வாசிப்பும் இசையும் நாடகமும் நடத்தத் திறந்தவெளி அரங்கமும் உண்டாயிற்று. 2009இல், 'சென்னை இயக்கம்' எனப் பெயர் பெற்ற அத்தலைமுறையாரின் படைப்புகளுக்கென ஓர் அருங்காட்சியகமும் திறந்தனர். இண்டிகோ, லேபர்னம் என்று இரு சிறு கூடங்கள் உள்ளன. வெளியூர்க் கலைஞரும் வாடகை செலுத்தி அவற்றில் தம் காட்சியை வைக்கலாம். பாரிஸில் வாடகை ஓவியரைக் கடனாளியாக்கியது. இங்கே ஓவியரே வாடகை வாங்குவோராயினர்!

குறையே இல்லை என்று நான் சொல்லவில்லை. கலைஞரே நடுவராகவும் இருக்கும் இடத்தில், நண்பர் நண்பரைப் புகழும் கூட்டமாக அது சுருங்கிவிடக் கூடும். புதிதாய் வரும் இளைஞனுக்குக் கதவு மெல்லத்தான் திறக்கும். கைவினையால் வந்த வசதி ஓவியத்தை மறக்கச் செய்வதும் உண்டு. கிராமத்தை விட்டுச் சென்றவர்களும் இருக்கிறார்கள். விஸ்வநாதன் 1968இல் பாரிஸில் குடியேறினார். அதைக் குறையாக நான் எண்ணவில்லை. நடுவர் குழுவிற்கு அஞ்சாதவன் ஊருக்கு மட்டும் ஏன் கட்டுப்பட வேண்டும்?

இத்தகைய கூடத்தில் நுழையும் மாணவன் எதைப் பார்ப்பது? ஜானகிராம் செய்த உலோகச் சிற்பங்களைப் பாருங்கள். செப்புத் தகட்டை அடித்து வளைத்துச் செய்தவை அவை. கோயில்களில் மூர்த்திக்குச் சார்த்தும் கவசத்தை அறிந்தவனுக்கு அந்த வேலைப்பாடு அந்நியமாகத் தோன்றாது. பணிக்கரின் மைந்தர் நந்தகோபால் பற்றவைத்து உருவாக்கிய செம்பு, பித்தளை உருவங்களைச் சுற்றிவந்து பார்ப்பதைக் காட்டிலும், கருவறை முன் நிற்பதுபோல் நேர் எதிரே நின்று பார்ப்பதே பொருந்தும். இவை எவருடைய நகலும் அல்ல. நம் ஊர்ச் செப்புக் கொல்லரின் சம்மட்டி ஓசை இவற்றில் கேட்கிறது.

இனி என் தவறு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அருங்காட்சியகம் திறந்த மறு ஆண்டு, ஒன்பதாம் வகுப்பு மாணவர்களை அங்கே அழைத்துச் சென்றேன். பணிக்கரின் 'சொற்களும் குறிகளும்' என்ற வரிசையைச் சேர்ந்த படம் ஒன்றின் முன் நின்றோம். எழுத்துப்போல் தோன்றும், படிக்க வராது. எண்போல் இருக்கும், கூட்ட முடியாது. நடுவே கட்டங்கள், சாதகக் குறிப்புப்போல. மாணவர் என் முகத்தைப் பார்த்தனர். நான் படத்தைப் பார்த்தேன். அப்போது பின்வரிசைப் பையன் ஒருவன், "ஐயா, இது என் கணக்கு நோட்டு மாதிரி இருக்கிறது" என்றான். எல்லாரும் சிரித்தனர். கேலி செய்கிறான் என்று எண்ணிக் கடுமையாகவே அதட்டிவிட்டேன். திரும்பும் வழியில் அவன் பேருந்தில் வாய் திறக்கவில்லை.

அந்த வாரமே பணிக்கரைப் பற்றி ஒரு நூலில் படித்தேன். 1963இல் மாணவன் ஒருவனுடைய கணக்குப் புத்தகத்தின் பக்கம் தற்செயலாக அவர் கண்ணில் பட்டதாம். அதில் இருந்த எண்களும், இயற்கணித எழுத்துகளும், வடிவியல் கோடுகளுமே அந்தப் புதுவரிசைக்கு வழி காட்டின என்று அவரே கூறியிருக்கிறார். நூலை மூடி வைத்துவிட்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். ஆயிரக்கணக்கான கணக்குப் புத்தகங்களைத் திருத்தியவன் நான். ஒரு பக்கத்தையேனும் பார்த்ததில்லை.

மறுநாள் காலை அப்பையனை என் அறைக்கு அழைத்தேன். அடி விழும் என்று எண்ணியோ என்னவோ, வாயிலிலேயே நின்றான். நூலைப் பிரித்து அந்தப் பகுதியைப் படித்துக் காட்டி, "நீ சொன்னதே சரி தம்பி, நான்தான் தவறினேன்" என்றேன்.

சற்று நேரம் சிந்தித்துவிட்டு, "இதைக் கணக்கு ஐயாவிடம் சொல்லலாமா, ஐயா?" என்று கேட்டான்.

சொல்லலாம் என்றேன்.