ஊர் பித்தன் என்ற உழவர்

ஒஸ்ரியாவின் சென்ற் றாடெகுண்ட் என்னும் சிற்றூரில் பிரான்ஸ் யேகர்ஸ்ரேற்றர் என்றொரு கமக்காரர் வாழ்ந்தார். ஊர்த் தேவாலயத்தின் பணியாளரும் அவரே. 1938இல் ஹிட்லர் ஒஸ்ரியாவை யேர்மனியுடன் இணைத்தபோது, அவ்வூரில் எதிர்த்து வாக்களித்தவர் இவர் ஒருவரே.

1943 பெப்ரவரியில் மீண்டும் படைக்கு அழைக்கப்பட்டார். அநீதியான போரில் ஆயுதமேந்துவது பாவம், கத்தோலிக்கனாகவும் நாசியாகவும் ஒருங்கே இருத்தல் இயலாது என்று மறுத்தார். காயமுற்றோரைப் பராமரிக்க வருவதாகக் கூறியதும் ஏற்கப்படவில்லை. ஊரார் பித்தன் என்றதில் வியப்பில்லை. அவர் ஆலோசனை நாடிச் சென்ற ஆயரும் குடும்பத்தை எண்ணிப் பார்க்குமாறே கூறினார். மூன்று பெண் குழந்தைகள் வீட்டில். அவ்விடத்தில் நானிருந்தாலும் அதையே சொல்லியிருப்பேன்.

மனைவி பிரான்சிஸ்காவும் முதலில் தடுத்தவர்தாம். எல்லோரும் எதிர்த்து நிற்கையில் தானும் எதிர்த்தால் அவருக்கு எவருமில்லை என்றெண்ணி உடன்நின்றார்.

ஆகஸ்ட் 9ஆம் நாள் பிரண்டன்பேர்க் சிறையில் அவர் சிரச்சேதம் செய்யப்பட்டார். வயது 36. அதன்பின் பழியைச் சுமந்தவர் பிரான்சிஸ்கா. தடுக்காமல் விட்டவள் என்று ஊர் அவரை ஏசிற்று. (கணவனின் முடிவுக்கு மனைவியிடம் கணக்குக் கேட்கும் வழக்கம் நமக்கும் புதிதன்று.) போரில் இறந்தோரின் விதவைகளுக்குரிய உதவிப்பணம் 1950வரை அவருக்குக் கிடைக்கவில்லை. கமத்தைத் தாமே பார்த்துப் பிள்ளைகளை வளர்த்தார்.

மரணதண்டனைத் தீர்ப்பு செல்லாதெனப் பெர்லின் நீதிமன்றம் அறிவித்தது 1997இல். 2007இல் லின்ஸ் பேராலயத்தில் கணவர் அருளாளராக அறிவிக்கப்பட்டபோது, 94 வயதான பிரான்சிஸ்கா தம் பெண்மக்களுடன் அங்கிருந்தார். 2013இல், நூறு வயது நிறைந்த சில நாட்களில், காலமானார்.