திறந்தவெளிச் சிறையில் என்ன பயிரிடலாம்?

அண்ணனூருக்கும் புழலுக்கும் இடையே அதிகத் தொலைவு இல்லை. சென்ட்ரல் ரயில் நிலையத்தின் எதிரே இருந்த பழைய மத்தியச் சிறையின் கைதிகள் 2006-ல் புழலுக்கு மாற்றப்பட்டார்கள். அங்கே தண்டனை முடித்து அண்ணனூர், திருமுல்லைவாயல், பட்டாபிராம் பக்கம் வீடு திரும்புபவரின் பிழைப்பு, வெளியே வந்த முதல் மாதத்திலேயே கேள்விக்குறியாகிறது. ‘கைத்தொழில் கற்று வா’ என்று சொல்லித்தான் சட்டம் அவரைத் திறந்தவெளிச் சிறைக்கு அனுப்புகிறது. அந்தத் தொழில் பெரும்பாலும் விவசாயம். ஆகவே இது நம் பக்கத்துக்கான விஷயமும்தான்.

திறந்தவெளிச் சிறை என்றால் என்ன?

நன்னடத்தை உள்ள தண்டனைக் கைதிகள் உயரமான சுற்றுச்சுவரும் ஆயுதக் காவலும் இல்லாத பண்ணையில் தங்கி உழைக்கும் இடம் இது. தமிழ்நாட்டில் சேலத்திலும், கோவை சிங்காநல்லூரிலும், சிவகங்கை மாவட்டம் புரசடை உடைப்பிலும் இவை இருக்கின்றன.

இந்த எண்ணம் புதிதல்ல. இன்றைய மகாராஷ்டிரத்தில் இருந்த ஔந்த் சமஸ்தானம், 1939-ல் சுதந்திரபுரம் என்ற குடியிருப்பில் கைதிகளை விவசாயம் செய்ய வைத்தது. அதைத் தழுவித்தான் 1957-ல் சாந்தாராம் இந்திப் படம் எடுத்தார். அதுவே 1975-ல் எம்.ஜி.ஆர். நடித்த ‘பல்லாண்டு வாழ்க’ ஆனது. இந்திப் படத்தில் கைதிகளுக்குப் பெரிய தொல்லை மண்ணால் வரவில்லை; காய்கறிச் சந்தை வியாபாரியால் வந்தது. விளைவிப்பதைவிட விற்பது கடினம் என்பது உங்களுக்குத் தெரியாததா?

ராஜஸ்தானில் ஜெய்ப்பூர் அருகே சாங்கானேர் முகாம் 1963 முதல் நடக்கிறது. அங்கே கைதி குடும்பத்தோடு வசிக்கலாம். பகலில் வெளியே போய்ச் சம்பாதிக்கலாம். சாப்பாட்டுச் செலவு அவருடையது. காலையும் மாலையும் வருகைப் பதிவு உண்டு. கைதிகளே தேர்ந்தெடுக்கும் பஞ்சாயத்து ஒழுங்கைப் பார்த்துக்கொள்கிறது. இந்த முகாமின் நிலப்பரப்பைக் குறைக்கக் கூடாது என்று 2024 மே மாதம் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது.

பண்ணை நடத்த ஆறு விதிகள்

சிறை நிர்வாகத்துக்குத் தனிச் சட்டவிதிகள் உண்டு. உழவியல் படித்தவன் என்ற முறையில், பண்ணைக்கு வேண்டிய விதிகளை மட்டும் சொல்கிறேன்.

1. ஆளை எடுக்கும்போதே, விடுதலைக்குப் பிறகு எந்த ஊருக்குப் போவார் என்று கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். நன்னடத்தையும் மீதமுள்ள தண்டனைக் காலமும் மட்டும் பார்த்தால் போதாது. சொந்த நிலம் உள்ளவருக்கும் அண்ணனூரில் ஒண்டுக்குடித்தனம் இருப்பவருக்கும் ஒரே பயிற்சி பயன்படாது.

2. தண்ணீரைப் பார்த்துப் பரப்பை முடிவு செய்ய வேண்டும். கோடையில் கிணறு எவ்வளவு கொடுக்கிறதோ அந்த அளவுக்கே இறவைப் பயிர். மற்ற நிலத்தில் மானாவாரிப் பயறு, தீவனம், பழமரம் வைக்கலாம். மண் பரிசோதனை முடியாமல் உரம் வாங்கக் கூடாது.

3. தினமும் வேலை இருக்க வேண்டும். நிலக்கடலை மட்டும் போட்டால் விதைப்பு, களை, அறுவடை என்று நூற்றைந்து நாளில் சில வாரங்களுக்கே ஆள் தேவை. மற்ற நாட்கள் சும்மா கழியும். 20 முதல் 25 நாளில் பிடுங்கும் சிறுகீரை, நட்டு 50 நாளுக்குப் பிறகு தொடர்ந்து பறிக்கும் கத்தரி, தினம் பால் கறக்கும் மாடு மூன்றையும் சேர்த்தால் வேலை சீராகப் பரவும்.

4. கூலியும் கணக்கும் தெளிவாக இருக்க வேண்டும். கைதியின் உழைப்புக்கு நியாயமான கூலி தர வேண்டும் என்றும், அதில் ஒரு பங்கைப் பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கு ஒதுக்க வழி செய்ய வேண்டும் என்றும் 1998-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. விதைச் செலவு, விற்ற தொகை, கூலி எல்லாவற்றையும் கைதியே பண்ணைக் குறிப்பேட்டில் எழுதிப் பழக வேண்டும். கணக்கு எழுதத் தெரிந்தவரை வெளியில் எளிதில் ஏமாற்ற முடியாது.

5. பூச்சிமருந்து பூட்டிய அறையில்தான் இருக்க வேண்டும். அரிவாள், மண்வெட்டி காலையில் எண்ணிக் கொடுத்து மாலையில் எண்ணி வாங்கப்பட வேண்டும். நல்ல தனியார் பண்ணையிலும் இதுவே வழக்கம். முடிந்தவரை வேப்பங்கொட்டைக் கரைசல், இனக்கவர்ச்சிப் பொறி போதும்.

6. விடுதலைக்கு முந்தைய ஆறு மாதம், திரும்பிப் போகும் ஊருக்கான பயிற்சி தர வேண்டும். பலர் விட்டுவிடும் விதி இதுதான்.

நிலமில்லாத ஊருக்கு

அண்ணனூரில் ஏர் ஓட்ட இடம் ஏது? ஆனால் பத்துக்குப் பத்து கூரைக் கொட்டகையில் சிப்பிக்காளான் வளரும். வித்து போட்ட 20 முதல் 25-ஆம் நாளில் முதல் பறிப்பு வரும். ஒரு படுக்கை சுமார் 45 நாளில் முடியும். நிழல்வலையும் 98 குழித்தட்டும் தென்னை நார்க் கழிவும் இருந்தால் தக்காளி நாற்று 25 நாளில், மிளகாய் நாற்று 35 முதல் 40 நாளில் தயார். அடுக்குமாடிக் குடியிருப்புகளில் தோட்டம் பராமரிக்கவும், மாடித்தோட்டம் அமைக்கவும் ஆள் கிடைக்காமல் தேடுகிறார்கள். ஆறு மாதத்தில் இவற்றைக் கற்றுக்கொண்டு, பயிற்சிச் சான்றிதழும் சேர்த்துவைத்த கூலியும் கையில் இருந்தால், வருபவர் முதல் மாதம் யாரிடமும் கைநீட்ட வேண்டாம். சான்றிதழில் சிறையின் பெயர் இருக்கக் கூடாது. பயிற்சி தந்த வேளாண் நிறுவனத்தின் பெயர் இருந்தால் போதும்.

உங்களிடம் வந்தால்

ஆள் பற்றாக்குறை பற்றி நீங்கள் தினமும் பேசுகிறீர்கள். திறந்தவெளிச் சிறையில் மூன்று நான்கு வருடம் மாடு கறந்து, களையெடுத்து, கணக்கு எழுதிய ஒருவர் வேலை கேட்டு வந்தால் தயங்குவது இயல்பே. உங்கள் வீட்டாரின் அச்சத்தையும் நான் குறைத்துச் சொல்லவில்லை. அவர் சுவர் இல்லாத இடத்தில், ஓடிப்போக வழி இருந்தும் ஓடாமல் இருந்தவர் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். மற்ற வேலையாளை எப்படிச் சோதிப்பீர்களோ அப்படியே ஒரு மாதம் பாருங்கள். பேசிய கூலியை வாராவாரம் கொடுங்கள். கால் ஏக்கர் குத்தகைக்குக் கேட்டால் காலத்தையும் தொகையையும் எழுதிக் கையெழுத்திடுங்கள்.

புறநகரில் காளான் கொட்டகை, நாற்றங்கால் வைத்திருப்போர் ஆண்டுக்கு ஒருவருக்கு வேலை தர முன்வந்தால், அந்த ஆறாவது விதி நடைமுறைக்கு வரும்.