உஷார்! சைட்டில் கருப்பு தேய்ந்தால் பட்டறைப் பக்கம் போகாதீர்கள்

உரிமத்தோடு கைத்துப்பாக்கி வைத்திருக்கும் சிங்காநல்லூர்க்காரர்களே, இன்றைக்கே தோட்டாவை நீக்கிவிட்டு முன் சைட்டின் நுனியைப் பாருங்கள். கருப்பு போய்ப் பளபளக்கிறதா? வெயிலில் அந்த நுனி கண்ணைக் கூச வைத்து, குறியைத் தப்ப வைக்கும். அதைச் சரிசெய்யக் கிளம்பி மாட்டிக்கொள்ளும் வழக்குதான் இன்னும் பெரிய ஆபத்து.

நம் ஊரில் லேத், பஃபிங், பிளேட்டிங் பட்டறைகளுக்குப் பஞ்சமே இல்லை. தெரிந்த அண்ணன் ஒருவரிடம், "இதையும் கொஞ்சம் கருப்புப் போட்டுக் கொடுங்கண்ணா" என்று கேட்கத் தோன்றும். கேட்டுவிடாதீர்கள்! 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5-ஆம் பிரிவுப்படி, அதற்கான உரிமம் இல்லாதவர் துப்பாக்கியைப் பழுதுபார்க்கவே கூடாது. 2019-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு அந்தக் குற்றத்துக்குக் குறைந்தபட்சமே 7 ஆண்டு சிறை, ஆயுள்வரை போகலாம். பஃபிங் சக்கரத்தில் பிடித்தால் துப்பாக்கியின் எண்ணும் தேயலாம். எண் அழிந்த துப்பாக்கி யாரிடம் இருக்கிறதோ அவரே அழித்தார் என்றுதான் 8-ஆம் பிரிவு கொள்ளும். இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு உங்கள் தலையில். பாவம், உதவ வந்த அந்த அண்ணனும் சேர்ந்து மாட்டுவார்.

கருப்பு தேய்வதற்குக் காரணம் பெரும்பாலும் துப்பாக்கியை வைக்கும் தோல் உறைதான். ப்ளூயிங் எனப்படும் இந்தக் கருப்பு பெயின்ட் அல்ல. சூடான காரக் கரைசலில் எஃகின் மேற்பரப்பையே கருப்பு ஆக்சைடாக மாற்றுகிறார்கள். அந்தப் படலம் சில மைக்ரான்கூட இருக்காது. உறைக்குள் சேர்ந்த மணல்துகள், ஒவ்வொரு முறை உருவும்போதும் உப்புத்தாள் போல நுனியைத் தேய்க்கிறது. தோல் ஈரத்தையும் இழுத்து வைத்துக்கொள்ளும். பதனிட்டபோது தங்கிய உப்பும் அமிலமும் அதோடு சேர்ந்தால் துரு நிச்சயம். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஈரத்தோடு வீசும் ஆடி மாதத்தில் கேட்கவே வேண்டாம்.

தேர்தல் நேரத்தில்தான் அதிகம் பாழாகிறது. அப்போது துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் உறையோடு ஒப்படைத்துவிட்டு வந்துவிடுகிறோம். வாரக்கணக்கில் அப்படியே கிடக்கிறது. உறையைக் கழற்றி, மெல்லிய எண்ணெய்த் துணியால் துடைத்து ஒப்படையுங்கள். வீட்டிலும் பூட்டிய பெட்டிக்குள் உறை இல்லாமல், சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு வையுங்கள். உறையின் உட்புறத்தை அடிக்கடி தட்டி, பிரஷ் போட்டு மணலை எடுங்கள். புதிதாக வாங்கினால் சைட் உரசாமல் போக உள்ளே பள்ளம் விட்ட உறையாகப் பார்த்து வாங்குங்கள்.

பித்தளைக்குப் போடும் புளி, எலுமிச்சை, பிராசோ எதுவும் துப்பாக்கி அருகில் போகவே கூடாது. மிச்சமிருக்கும் கருப்பையும் தின்றுவிடும். சைட்டில் வெள்ளைப் புள்ளி இருந்தால் தின்னர் அதை அழித்துவிடும்.

கருப்பு ஏற்கெனவே போயிருந்தால், பழுதுபார்க்க உரிமம் பெற்ற ஆயுத வியாபாரியிடம் நீங்களே நேரில் எடுத்துப் போங்கள். உங்கள் உரிமத்தைக் காட்டி, ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள்.