மண்ணில் இடும் வைப்புநிதி

வீட்டின் பின்புறத்தில் இரண்டு சென்ட் நிலம் வைத்திருப்போரும், நகரின் ஓரத்தில் சிறு துண்டு நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துக் காய்கறி பயிரிடுவோரும் பெரும்பாலும் ஒரே குறையைச் சொல்வர். முதல் ஆண்டில் கத்தரியும் வெண்டையும் கொழித்துக் காய்க்கின்றன. இரண்டாம் ஆண்டில் காய் சிறுத்துப்போகிறது. மூன்றாம் ஆண்டில் யூரியாவின் அளவைக் கூட்டியும் பயனில்லை. இலை மட்டும் கரும்பச்சையாகத் தழைக்கிறது, அசுவினி வந்து அடைகிறது, பூ உதிர்கிறது.

எடுத்துக்கொண்டே இருந்து திரும்பச் செலுத்தாவிட்டால் கணக்கில் இருப்பு குறையும் என்பதை வங்கி வாடிக்கையாளருக்கு விளக்க வேண்டியதில்லை. மண்ணும் அத்தகைய கணக்கே. ஆனால் அதில் எதைத் திரும்பச் செலுத்த வேண்டும் என்பதைத்தான் பலரும் அறியாதிருக்கின்றனர். பயிர் எடுத்துக்கொண்ட சத்துகளை மட்டும் உப்பு உரமாகத் திருப்பித் தந்தால் போதும் என்று நினைக்கின்றனர். அச்சத்துகளைப் பிடித்து வைத்து, வேண்டும்போது வேருக்கு வழங்கும் மக்கு குறைந்துபோனதை அவர்கள் கவனிப்பதில்லை. மக்கே முதல், விளைச்சல் அதன் வட்டி.

இந்தூர் தந்த பாடம்

இவ்வுண்மையை உலகம் தெளிவாக உணர்ந்துகொள்ள வழிவகுத்த ஊர்களுள் ஒன்று மத்தியப் பிரதேசத்திலுள்ள இந்தூர். ஆங்கிலேயத் தாவரவியல் அறிஞர் ஆல்பர்ட் ஹோவர்டு 1905ஆம் ஆண்டு பீகாரிலுள்ள பூசா ஆராய்ச்சி நிலையத்துக்கு வந்தார். தமக்குக் கற்பிக்கும் ஆசான்களாக அப்பகுதி உழவர்களையே கொண்டார். பின்னர் 1924 முதல் 1931 வரை இந்தூரில் பணியாற்றினார். பண்ணையில் வீணாகும் செத்தை, சாணம், மாட்டு மூத்திரம் ஊறிய மண், சாம்பல் ஆகியவற்றை முறையாக அடுக்கி, குறித்த காலத்தில் கிளறி, ஏறத்தாழ மூன்று மாதங்களில் நல்ல மக்கு உரமாக்கும் வழியை அங்கு வகுத்தார். தம்முடன் பணியாற்றிய யஷ்வந்த் வாட் என்பவருடன் இணைந்து 1931இல் அதை நூலாக வெளியிட்டார். அதுவே இன்றும் இந்தூர் முறை என்று வழங்கப்படுகிறது. 1939ஆம் ஆண்டில் பெங்களூரில் சி. என். ஆச்சார்யா உருவாக்கிய முறையும், மராட்டிய மாநிலத்தைச் சேர்ந்த நாராயண் தேவ்ராவ் பாண்டரிபாண்டே கண்ட, காற்றுத் துளைகளுடன் கூடிய செங்கல் தொட்டி முறையும் இதே வழியில் வந்தவையே.

இருப்பு எவ்வளவு?

எந்த முதலீட்டுக்கும் முன் இருப்பை அறிதல் முறை. நடுவண் அரசு 2015இல் தொடங்கிய மண் வள அட்டைத் திட்டத்தில் 12 கூறுகள் ஆராயப்படுகின்றன. தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல் சத்து, கந்தகம், ஐந்து நுண்ணூட்டங்கள், கார அமில நிலை, உப்பின் அளவைக் காட்டும் மின் கடத்துதிறன், அங்ககக் கரிமம் ஆகியன அவை. சிறு தோட்டம் வைத்திருப்போர் அருகிலுள்ள வேளாண் துறை ஆய்வகத்தையோ வேளாண் அறிவியல் நிலையத்தையோ அணுகலாம்.

மண் மாதிரி எடுப்பதில் கவனம் தேவை. அறுவடை முடிந்து, உரமிடுவதற்கு முன் எடுக்க வேண்டும். எருக்குவியல், வரப்பு, மரநிழல் ஆகிய இடங்களைத் தவிர்த்து, எட்டுப் பத்து இடங்களில் 15 செ.மீ. ஆழத்துக்கு ‘வி’ வடிவக் குழி பறித்து, அதன் பக்கவாட்டிலிருந்து மேலிருந்து கீழாக மண்ணைச் சீவி எடுக்க வேண்டும். அனைத்தையும் ஒன்றாகக் கலந்து, நிழலில் உலர்த்தி, அதிலிருந்து அரைக் கிலோவை மட்டும் அனுப்பினால் போதும்.

அறிக்கை வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது அங்ககக் கரிமத்தின் அளவை. அது 0.5 விழுக்காட்டுக்குக் கீழ் இருந்தால் குறைவு, 0.75 விழுக்காட்டுக்கு மேல் இருந்தால் நிறைவு. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள தொலைவைக் கணக்கிட்டுப் பார்ப்போம். ஒரு சென்ட் என்பது ஏறத்தாழ 40 சதுர மீட்டர். அதன் மேல் 15 செ.மீ. மண்ணின் எடை சுமார் 9 டன். அதில் 0.5 விழுக்காடு என்பது 45 கிலோ கரிமம், 0.75 விழுக்காடு என்பது ஏறக்குறைய 68 கிலோ. ஆக, இட்டு நிரப்ப வேண்டியது 23 கிலோ.

காய்கறிப் பயிருக்கு எக்டருக்கு 25 டன் தொழு உரம் இடுவது வழக்கமான பரிந்துரை. அது சென்ட்டுக்கு 100 கிலோவாகும். அதில் பாதி ஈரம் என்று கொண்டால், கரிமம் சுமார் 15 கிலோ இருக்கும். அதிலும் பெரும்பகுதியை நுண்ணுயிர்கள் உண்டு, கரியமில வாயுவாக வெளியிட்டுவிடும். நம் நாட்டின் வெப்பத்தில் இச்செலவு இன்னும் விரைவாக நிகழும். மண்ணில் நிலைப்பது சிறு பங்கே. எனவே ஒரே ஆண்டில் பெரிய தொகையைச் செலுத்தி முடிக்கும் வேலை அன்று இது. ஆண்டு தவறாமல் கட்டிவரும் தொடர் வைப்பைப் போன்றது.

வீட்டிலேயே மக்கு உரம்

நீளம், அகலம், உயரம் மூன்றும் மூன்றடிக்குக் குறையாத குவியல் அல்லது தொட்டி போதும். அதைவிடச் சிறியதாயின் உள்ளே வெப்பம் நிற்காது. உலர்ந்த சருகு, வைக்கோல், பயற்றுச் செத்தை ஆகியவை இரண்டு மூன்று பங்கும், காய்கறிக் கழிவு, பசுந்தழை, களை ஆகியவை ஒரு பங்கும் மாற்றி மாற்றி அடுக்க வேண்டும். ஒவ்வோர் அடுக்கின் மேலும் சாணக் கரைசல் தெளித்து, ஒரு கை மண் தூவ வேண்டும். கையில் எடுத்து இறுகப் பிழிந்தால் ஓரிரு துளி நீர் மட்டும் கசிவதே சரியான ஈரம். இறைச்சி, எண்ணெய்ப் பண்டங்கள், நோயுற்ற செடிகள் ஆகியவற்றைச் சேர்க்கலாகாது.

சில நாள்களில் குவியலின் உள்ளே 55 முதல் 65 பாகை வரை சூடேறும். களை விதைகளும் நோய்க்கிருமிகளும் பெரும்பாலும் இதில் அழியும். இரண்டு வாரங்களுக்குப் பின் ஒரு முறையும், அதன்பின் இரு முறையும் கிளறிவிட வேண்டும். துர்நாற்றம் வீசினால் நீர் மிகுந்து காற்று குறைந்துவிட்டது என்று பொருள். சருகைச் சேர்த்துக் கிளற வேண்டும். சூடே ஏறாவிட்டால் ஈரமோ பசுந்தழையோ போதவில்லை. நன்கு மக்கிய உரம் கருமையாக, உதிரியாக, புது மழை பெய்த மண்ணின் மணத்துடன் இருக்கும்.

மக்காத பொருளை நேரே மண்ணில் புதைப்பது தீமையாக முடியும். பச்சைச் சாணத்தின் சூடு வேரைத் தாக்கும். கறையானும் வேர்ப்புழுவும் சேரும். வைக்கோலைப் புதைத்தால் அதை மக்கச் செய்யும் நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள தழைச்சத்தையே எடுத்துக்கொள்வதால் பயிர் மஞ்சளிக்கும். வைக்கோலின் இடம் மண்ணின் மேற்பரப்பு. அங்கு மூடாக்காக இருந்து ஈரத்தைக் காக்கும். வெயிலின் கடுமையைத் தணிக்கும்.

பயிரே உரமாகும்

நிலம் ஓய்ந்திருக்கும் காலத்தில் சணப்பு, தக்கைப்பூண்டு ஆகியவற்றை விதைத்துப் பூக்கும் தருணத்தில் மடக்கி உழுதால், காற்றிலுள்ள தழைச்சத்து மண்ணில் வந்து சேரும். சாணம் கிடைக்காத நகரத் தோட்டங்களுக்கு இது பெருந்துணை.

பயிரை மாற்றி நடுவதும் இன்றியமையாதது. தக்காளி, கத்தரி, மிளகாய், உருளை ஆகிய நான்கும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. இவற்றை அதே பாத்தியில் தொடர்ந்து நட்டால் வாடல் நோயும் நூற்புழுவும் மண்ணில் பெருகும். தக்காளிக்குப் பின் அவரை அல்லது தட்டைப்பயறு, அதன்பின் கீரை, அதற்கடுத்து முள்ளங்கி என்று சுழற்சியாக நடலாம். பாத்தியின் அகலம் நான்கடியைத் தாண்டாதிருந்தால் உள்ளே கால் வைக்காமலே வேலை செய்யலாம், மண் இறுகாது.

உப்பு உரம் வேண்டாமா?

உப்பு உரத்தை முற்றும் விலக்க வேண்டும் என்பதன்று இதன் கருத்து. ஒரு கிலோ யூரியாவில் 460 கிராம் தழைச்சத்து உண்டு. ஏறத்தாழ அதே அளவைத் தொழு உரத்திலிருந்து பெற 100 கிலோ வேண்டும். அதுவும் ஒரே பருவத்தில் முழுதும் கிடைக்காது. பயிர் வாடி நிற்கையில் விரைந்து கிடைக்கும் உதவி உப்பு உரமே. ஆனால் மக்கு இல்லாத மண்ணில் அது நிற்பதில்லை. பாசன நீரோடு கீழிறங்கியும் ஆவியாகியும் வீணாகிறது. ஆய்வறிக்கை காட்டும் குறைக்கு ஏற்ப, சிறு அளவுகளாகப் பிரித்து, மக்கு உரத்துடன் சேர்த்து இடுவதே சிக்கனம். சுண்ணாம்பும் ஜிப்சமும் அவ்வாறே. முன்னது அமில மண்ணுக்கு உரியது, பின்னது சோடியம் மிகுந்த களர் மண்ணுக்கு உரியது. அறிக்கையைப் பாராமல் இவற்றை இடுதல் தவறு.

குத்தகைதாரர் கவனத்துக்கு

ஓராண்டுக் குத்தகையில் பயிரிடுவோர் பலர் மக்கு உரத்துக்குச் செலவிடத் தயங்குகின்றனர். அவர்களைக் குறை கூற இயலாது. இன்று இடும் உரத்தின் பயன் அடுத்தடுத்த ஆண்டுகளில்தான் முழுமையாகக் கிட்டும். அப்போது நிலம் வேறொருவர் கையில் இருக்கக்கூடும். ஆகவே குத்தகையை மூன்று ஆண்டுகளுக்குக் குறையாமல் எழுத்தில் பெறுவது பயிரிடுவோருக்கு நலம். வளம் கூடிய நிலத்தைத் திரும்பப் பெறுவது உரிமையாளருக்கும் நலம். பேசும்போது மண் ஆய்வறிக்கையை இருவரும் சேர்ந்து பார்த்து, ஒரு படியை ஒப்பந்தத்துடன் இணைத்து வைக்கலாம். மூன்றாம் ஆண்டின் முடிவில் மீண்டும் ஆய்வு செய்தால், கரிமத்தின் அளவு கூடியிருக்கிறதா என்பதை அந்த இரண்டு தாள்களே சொல்லிவிடும்.